மின்னஞ்சல் கையொப்பம்: அவுட்லுக்கும் தண்டர்பேர்டும்

விண்டோஸ் கணினியில் நெடுங்காலமாகப் புழங்கும் மின்னஞ்சல் செயலியான கிளாசிக் அவுட்லுக், மின்னஞ்சல் கையொப்பத்தை, அதாவது கடிதத்தின் அடியில் தானாகச் சேரும் பெயர், முகவரி வரிகளை, கடிதத்தின் ஓர் அங்கமாகவே நடத்துகிறது. இன்னொரு மின்னஞ்சல் செயலியான மொசில்லா தண்டர்பேர்டோ, கடிதம் முடிந்தபின் தனித்து நிற்கும் குறிப்பாக அதைக் கருதுகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர், தம் கடிதங்கள் எத்தனை மறுமொழிகள் வரை நீள்கின்றன என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமைப்பதில் அவுட்லுக் எளிது. ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் என்று போனால் சிக்னேச்சர்ஸ் பொத்தான் கிடைக்கும். அங்கே பல கையொப்பங்களை எழுதி வைத்து, புதிய கடிதத்துக்கு ஒன்றும், மறுமொழிக்கும் முன்னனுப்பும் கடிதத்துக்கும் வேறொன்றும் எனக் கணக்குவாரியாக ஒதுக்கலாம். முதல் கடிதத்தில் பதவி, முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருக்க, மறுமொழியில் பெயர் மட்டும் வருவது படிப்பவருக்குச் செய்யும் பெரிய மரியாதை. தண்டர்பேர்டில் ஓர் அடையாளத்துக்கு (அனுப்புநர் பெயரும் முகவரியும் கொண்ட அமைப்புக்கு) ஒரு கையொப்பம்தான். மறுமொழியில் அதைச் சேர்க்கலாம் அல்லது விட்டுவிடலாம், சுருக்க வழியில்லை. இந்தக் குறையை நீட்சிகள் எனும் கூடுதல் நிரல்களின் துணையோடுதான் போக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் தண்டர்பேர்டு கையொப்பத்துக்கு மேலே தானாகவே இடும் ஒரு சிறு வரியில்தான் அதன் உண்மையான பலம் இருக்கிறது. இரண்டு சிறுகோடுகள், அவற்றையடுத்து ஓர் இடைவெளி, அவ்வளவுதான். 2004இல் வெளிவந்த ஆர்எஃப்சி 3676 எனும் இணையத் தர ஆவணம் குறிப்பிடும் பழைய மரபு இது. அந்த வரியைக் கண்டால், அதற்குக் கீழுள்ளது கையொப்பம் என்று புரிந்துகொள்ளும் தண்டர்பேர்டு, திரையில் அதை மங்கலாகக் காட்டுவதோடு, மறுமொழி எழுதும்போது மேற்கோளாக வரும் பழைய கடிதத்திலிருந்து நீக்கியும் விடுகிறது. அவுட்லுக் இந்த வரியை இடுவதில்லை. ஆகவே நான்கு பேர் பத்து முறை மாறி மாறி எழுதிய தொடரை அச்செடுத்தால், செய்தி இரண்டு வரியும் முகவரி ஆறு வரியுமாகத் தாள்கள் நிரம்புகின்றன. ஒன்று கவனிக்க வேண்டும்: மறுமொழியையும் கையொப்பத்தையும் மேற்கோளுக்கு மேலே வைக்கும்படி அமைத்தால், தண்டர்பேர்டும் மறுமொழிகளில் அந்தக் கோடுகளை இடாது, பலன் போய்விடும்.

ஒரே முகவரியிலிருந்து பள்ளி ஆசிரியராகவும் குடியிருப்போர் சங்கச் செயலாளராகவும் எழுதுபவருக்கும் தண்டர்பேர்டே ஏற்றது. கணக்கு அமைப்புகளில் இரண்டு அடையாளங்களை உருவாக்கிவிட்டால், அனுப்புநர் பெயரை மாற்றும்போதே கையொப்பமும் சேர்ந்து மாறும். அவுட்லுக்கில் ஒரே கணக்குக்குள் கையொப்பத்தை ஒவ்வொரு முறையும் கையால் மாற்ற வேண்டும். மறந்தால், சங்கக் கடிதம் பள்ளி முகவரியோடு போய்ச் சேரும்.

கணினி மாற்றும்போது அவுட்லுக் பயனர்கள் ஆப்டேட்டா கோப்புறையின் மைக்ரோசாஃப்ட் பகுதியிலுள்ள சிக்னேச்சர்ஸ் கோப்புறையை நகலெடுத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு கையொப்பமும் அங்கே மூன்று வடிவக் கோப்புகளாக இருக்கும். தண்டர்பேர்டில் கையொப்பத்தைக் கோப்பிலிருந்து எடுக்கும்படி அமைத்திருந்தால் அந்தக் கோப்பையும் கூடவே எடுத்துச்செல்ல வேண்டும். தமிழில் கையொப்பம் வைப்பவர்கள் அந்தக் கோப்பை, தமிழ் எழுத்துகளையும் ஏற்கும் யுடிஎஃப்-8 குறியீட்டில் சேமிக்க வேண்டும். நோட்பேடில் ஆன்சி எனும் பழைய குறியீட்டில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்.