லோஜ்பானும் பைத்தானும்

1987இல் தொடங்கப்பட்ட செயற்கை மொழியான லோஜ்பானின் வாக்கியங்களை, நிரல்மொழிகளின் வரிகளைப் போலவே, கணினியால் ஐயமறப் பகுக்க முடியும். அதில் போதலைக் குறிக்கும் ‘க்லாமா’ என்னும் சொல்லுக்குப் போகிறவர், சேருமிடம், புறப்படுமிடம், வழி, ஊர்தி என ஐந்து இடங்கள் இதே வரிசையில் வகுக்கப்பட்டுள்ளன. பைத்தான் என்னும் நிரல்மொழியில் ஒரு செயற்கூறுக்கு, அதாவது குறித்த பணியைச் செய்யும் நிரல்பகுதிக்கு, உள்ளீடுகளை வரிசையாகத் தருவதும் ஏறத்தாழ இப்படித்தான். ஆனால், கட்டாயமான ஓர் உள்ளீடு விடுபட்டால் பைத்தான் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். லோஜ்பானிலோ, விடுபட்டதைக் கேட்பவரே சூழலறிந்து நிரப்பிக்கொள்கிறார். இந்த வேறுபாட்டையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன், ஏனெனில் கேட்பவரை நம்பும் இயல்பு மனிதப் பேச்சுக்கே உரியது. மகிழ்ச்சி, அச்சம், வியப்பு ஆகியவற்றை உணர்த்த லோஜ்பானில் தனிச் சொற்கள் உண்டு. பைத்தானுக்கு அவை தேவையில்லை. மேலும், இலக்கணத்தில் அத்தனை கறாரான லோஜ்பான், இரு சொற்களைச் சேர்த்துப் புதுத் தொடர் ஆக்கும்போது அவற்றுக்கிடையிலான பொருளுறவை வேண்டுமென்றே நெகிழ்வாக விட்டுவிடுகிறது.