டாட் ஏஐ முகவரி: மூன்று வருடம் வைத்திருந்தவனின் கணக்கு

திருப்பூரில் நானும் நண்பன் ஒருவனும் சேர்ந்து சின்னதாக ஒரு கம்பெனி நடத்துகிறோம். நிட்டிங் மெஷினிலிருந்து இறங்கும் துணியைக் கேமரா வைத்துப் பார்த்து, ஓட்டை, ஆயில் கறை, ஊசி விட்ட கோடு எல்லாவற்றையும் பிடித்துக் கொடுக்கிற மென்பொருள்தான் எங்கள் சரக்கு. 2023 பிப்ரவரியில் வெப்சைட்டுக்குப் பெயர் வாங்கப் போனோம். டாட் காமில் நாங்கள் நினைத்த பெயரை யாரோ எப்போதோ வாங்கிப் பூட்டி வைத்திருந்தார்கள். டாட் இன் கிடைத்தது, வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள். நண்பன் விடவில்லை. "செய்யற வேலையே ஏஐ, பேருல அது இல்லாமயா?"

டாட் ஏஐயை ஒரு வருடத்துக்குத் தர மாட்டார்கள், குறைந்தது இரண்டு வருடத்துக்கு வாங்க வேண்டும். அப்போது அடிப்படைக் கட்டணம் 140 டாலர். அதன் மேல் விற்பவரின் லாபம், அதற்கு மேல் நம் 18 சதவீத ஜிஎஸ்டி. பில் பதினாலாயிரத்தைத் தாண்டியது. அந்த மாதம் ஆபீஸ் வாடகையைவிட இது அதிகம்.

பணம் கட்டிய பிறகுதான், இது யாருக்குப் போகிறது என்று தேடினேன். டாட் இன் இந்தியாவுக்கு என்பது போல டாட் ஏஐ அங்குவிலாவுக்கு. கரீபியனில், செயின்ட் மார்ட்டினுக்கு வடக்கே உள்ள ஒரு தீவு. பரப்பு 91 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறத்தாழ 16,000 பேர். திருப்பூரில் சில வார்டுகளில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். நீளமாக ஒல்லியாக இருப்பதால் விலாங்கு மீனின் பெயரை வைத்தார்களாம். 'விலாங்கு' என்பதன் எழுத்துகளை மாற்றிப் போட்டு முன்னால் ஒரு 'அ' சேர்த்தால் 'அங்குவிலா' வந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த அன்று நான் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை.

பெயரைச் சொன்னதும் என் தாய்மாமாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. தபால்தலை சேர்ப்பவர். ஆல்பத்தைப் புரட்டி, படகு போட்ட ஒரு தலையை எடுத்துக் காட்டினார். "இது சும்மா சாதாரணத் தலை மாப்ளே. 1967ல செயின்ட் கிட்ஸ் தலை மேல 'சுதந்திர அங்குவிலா'ன்னு அச்சடிச்சு விட்டாங்க. அது கிடைச்சா நான் ஏன் இங்க உட்கார்ந்திருக்கேன்?"

கதை அவர் சொன்னதைவிடப் பெரியது. 1967இல் பிரிட்டன் செயின்ட் கிட்ஸ், நெவிஸ், அங்குவிலா மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டித் தன்னாட்சி கொடுத்தது. செயின்ட் கிட்ஸுக்குக் கீழே இருக்க அங்குவிலாக்காரர்களுக்கு இஷ்டமில்லை. மே 30ஆம் தேதி அங்கிருந்து வந்த போலீஸ்காரர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜூலையில் வாக்கெடுப்பு: பிரிவதற்கு 1,813 ஓட்டு, வேண்டாம் என்று 5. (அந்த ஐந்து பேர் யார் என்று ஊருக்கே தெரிந்திருக்கும், பாவம்.) 1969 மார்ச்சில் பிரிட்டன் பாராசூட் படையையும் லண்டன் போலீஸையும் இறக்கியது. எதிர்த்துச் சண்டை போட ஆளில்லை. கடைசியில் 1980இல் செயின்ட் கிட்ஸிடமிருந்து முறைப்படி பிரிந்தார்கள். விடுதலைக்காக அல்ல, பிரிட்டனிடமே நேரடியாக இருப்பதற்காக! இன்றும் பாதுகாப்பும் வெளியுறவும் லண்டன் கையில்தான், ஆளுநரும் அங்கிருந்து நியமிக்கப்படுபவர்தான். உள்ளூர் விவகாரத்தைச் சட்டமன்றமும் பிரீமியரும் பார்க்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்கள் மொத்தம் 11 பேர். 2025 பிப்ரவரி தேர்தலில் கோரா ரிச்சர்ட்சன் ஹாட்ஜ் முதல் பெண் பிரீமியராக வந்தார்.

இப்படிப்பட்ட அரசாங்கத்துக்கு வருமானம் எங்கிருந்து? தனிநபர் வருமான வரி கிடையாது. வெள்ளை மணல் கடற்கரைகளை நம்பிச் சுற்றுலாதான் பிழைப்பு. 2017 செப்டம்பரில் இர்மா புயல் அதையும் அடித்து நொறுக்கியது. 2022 ஜூலையில் 13 சதவீத ஜிஎஸ்டி கொண்டு வந்தார்கள், நம்மைப் போலவே. அந்த வருட நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. உலகத்தில் உள்ள ஒவ்வொரு கம்பெனிக்கும் பெயர் முடிவில் ஏஐ வேண்டும் என்றாகிவிட்டது. 2018இல் டாட் ஏஐ மூலம் வந்தது 29 லட்சம் டாலர். 2023இல் 3 கோடியே 20 லட்சம் டாலர், அதாவது அரசு வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். எங்கள் 140 டாலரும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. நாட்டுக் குறியீட்டில் அந்த இரண்டு எழுத்து எப்படியோ வந்து விழுந்தது, அவ்வளவுதான். 1977 வரை அதே குறியீடு இன்றைய ஜிபூட்டி இருக்கும் பகுதிக்கு இருந்தது. அங்கேயே தங்கியிருந்தால் இந்தப் பணம் எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நண்பன் முதலில் டாட் ஐஓவையும் பார்த்து வைத்திருந்தான், விலை குறைவு. அது இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளின் பெயரில் ஓடுவது. அதுவும் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிதான், ஆனால் அமெரிக்க ராணுவத் தளத்துக்காக 1973க்குள் அங்கிருந்த மக்களை வெளியேற்றிவிட்டார்கள். அதைப் படித்த பிறகு எனக்கு வாங்க மனசு வரவில்லை. அங்குவிலாவிலாவது பணம் போய்ச் சேரும் இடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்.

சரி, சேவை எப்படி? பெயர் வாங்கிய பத்து நிமிடத்தில் வேலை செய்தது. கூகுள் டாட் ஏஐயை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதாகப் பார்க்காமல் பொதுவாகவே எடுத்துக்கொள்கிறது, அதனால் தேடலில் நஷ்டமில்லை. ஐரோப்பிய பையர்களிடம் முகவரியைச் சொன்னால் என்ன தொழில் என்று விளக்க வேண்டியதில்லை. உள்ளூரில் கதை வேறு. போனில் 'டாட் ஏஐ' என்று சொன்னால், 'ஏ, ஐ' என்று தமிழ் எழுத்தைத் தட்டிப் பார்த்தவர்கள் உண்டு. 'அப்புறம் டாட் காம் போடணுமா?' என்று கேட்காதவர்கள் குறைவு.

அடி வாங்கியது 2025 பிப்ரவரியில். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தோம். டாலர் ஏறியதால் பில் 15,340 ரூபாய். பதினைந்தாயிரத்துக்கு மேல் என்றால் ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டிலிருந்து தானாக எடுக்க முடியாது, ஓடிபி வேண்டும். பணம் எடுபடவில்லை. நினைவூட்டல் மெயில் எல்லாம் நண்பனின் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவிநாசி ரோட்டிலிருந்து ஒரு பனியன் கம்பெனி முதலாளி கூப்பிட்டார். "ஏனுங் தம்பி, உங்க வெப்சைட்டு திறக்கவே மாட்டேங்குது, கடையக் கட்டிட்டீங்களா?"

விற்ற நிறுவனத்தின் ஆள் சாட்டில் சொன்ன பதில்: தீவுக்காரர்கள் நிர்வாகத்தை மாற்றுகிறார்கள், அதனால்தான் தாமதம். மாற்றம் நடந்தது உண்மை. தொண்ணூறுகளிலிருந்து வின்ஸ் கேட் என்ற கணினி நிபுணர் அந்தத் தீவிலேயே இருந்துகொண்டு பார்த்துவந்த வேலையை, 2025 ஜனவரியில் ஐடென்டிட்டி டிஜிட்டல் என்ற நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஆனால் எங்கள் பணம் தீவுக்குப் போகவே இல்லையே! கட்டாத பாக்கிக்குக் கரீபியன் மேல் பழி. ஓடிபி போட்டுக் கையால் கட்டியும், அவர்கள் பக்கம் சரிசெய்ய இரண்டு நாள் இழுத்தார்கள். இப்போது விற்பவரை மாற்றிவிட்டோம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஒன்று விலைக்காக, அரை அந்த இரண்டு வருடக் கட்டாயத்துக்காகக் குறைக்கிறேன். இடைத்தரகரின் தவறுக்கு அங்குவிலா மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை. வெளிநாட்டு ஆர்டர் இருந்தால் வாங்குங்கள், உள்ளூர் வியாபாரம் மட்டும் என்றால் டாட் இன் போதும். வாங்கினால் புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் ஒரு மாதம் முன்னதாகவே எழுதி வையுங்கள். எங்களுடையது 2027 பிப்ரவரி. மாமா இப்போதே ஆரம்பித்துவிட்டார்: "அவ்வளவு பணம் கட்டறியே, ரசீதை ஒரு கவர்ல போட்டுத் தலை ஒட்டி அனுப்பச் சொல்லக் கூடாதா?"