நாலாவது பெயர்ப்பலகை: லண்டன் கவுன்சிலின் குடிச் சிகிச்சையில் ஒன்பதரை வருடம்

போன ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் மகளுக்காகக் காத்து நின்றபோது, தெரிந்த ஒருவர் என்னைக் கார்ப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார். "அண்ணை, நீங்கள் போற இடத்துக்கு என்ர மச்சானையும் அனுப்பலாமோ? உண்மையைச் சொல்லுங்கோ" என்றார். குடி என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. பெருவிரலை வாய்க்கு நேரே உயர்த்திக் காட்டினார், அவ்வளவுதான். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டில் சனிக்கிழமை வந்த கடிதம் பிரிக்காமல் கிடந்தது. ஏப்ரல் 1 முதல் எங்கள் பகுதியின் மது, போதைப்பொருள் சிகிச்சையை வேறொரு நிறுவனம் நடத்துமாம். புதிய கீ வேர்க்கர், அதாவது என்னைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் ஊழியர், தொடர்புகொள்வாராம். பெயர் இல்லை.

2016 அக்டோபரில் போகத் தொடங்கினேன். இது நாலாவது நிறுவனம். பள்ளி வாசலில் கேட்டவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதையும் சேர்த்து வாசியுங்கள்.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு அடிப்படை தெரிந்திருக்கும். ஜீபியின், அதாவது குடும்ப வைத்தியரின், கடிதம் தேவையில்லை, நேரே போய்ப் பெயர் கொடுக்கலாம், காசு இல்லை. பலருக்குத் தெரியாதது, இதை நடத்துவிப்பது கவுன்சில் என்பது. 2013 ஏப்ரலில் பொதுச் சுகாதாரப் பொறுப்பு அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.இடமிருந்து உள்ளூராட்சிகளுக்குக் கைமாறியது. கவுன்சில் தானே மருந்து கொடுப்பதில்லை. என்ன சேவை வேண்டும் என்று எழுதி, டெண்டர் விட்டு, ஒரு தொண்டு நிறுவனத்துக்கோ என்.எச்.எஸ். டிரஸ்டுக்கோ சில வருட ஒப்பந்தத்தில் கொடுக்கிறது. இதற்குப் பெயர் கமிஷனிங். கமிஷன் என்றதும் நம்மவர்களுக்குத் தரகுக் காசு ஞாபகம் வரும், இது அதல்ல. ஆனால் என் ஒன்பதரை வருடத்தில் நல்லதும் கெட்டதும் இந்த ஒரு சொல்லிலிருந்துதான் வந்தன.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். 2016இல் நான் இரவு வேலை. காலையில் வந்து படுக்கும் முன் விஸ்கி. 700 மில்லி போத்தல் ஒன்றரை நாளைக்குக் காணாது. வீட்டில் பொறுக்க முடியாமல் மனைவியின் அண்ணர் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கினார். நானும் மனதாரத்தான் அடித்தேன். இரண்டாம் நாள் காலை மாடிப்படியில் வலிப்பு வந்து விழுந்தேன். கண்டது என் மகள், அப்போது அவளுக்கு ஆறு வயது. அப்பா படியில் நித்திரை என்று தாயிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் தந்த துண்டுப் பிரசுரத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் கட்டடத்துக்குப் போனேன். உள்ளே ஒரு நர்ஸ். "கையை நீட்டுங்கள், விரல்களை விரியுங்கள்" என்றார். நீட்டினேன். தன் விரல்நுனிகளை என் விரல்நுனிகளில் மெல்ல வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நடுக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் தொட்டு அளக்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. அந்த வருடம் என் கையை வெறுப்பில்லாமல் தொட்ட முதல் ஆள் அவர்.

அவர்தான் எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தார். ஒரு யூனிட் என்றால் 10 மில்லி தூய மதுசாரம். 40 விழுக்காடு விஸ்கி 700 மில்லியில் 28 யூனிட். இங்கே வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பது ஆலோசனை. ஆக ஒரு போத்தல் என்பது இரண்டு வாரக் கணக்கு. அப்புறம், இப்படிக் குடித்த உடம்பை ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து, வலிப்பு வரும், சித்தம் கலங்கும், உயிரும் போகலாம் என்றார். சத்தியத்தில் பிழையில்லை, மருந்தில்லாமல் செய்ததுதான் பிழை. அந்தச் சொல் எனக்கும் மனைவிக்கும் எவ்வளவு ஆறுதல் என்று எழுதத் தெரியவில்லை.

வலிப்பு வராமல் தடுக்கும் குளோர்டயாசெபாக்சைட் மாத்திரை நாளுக்கு நாள் குறைத்து, கூடவே தயமின் என்ற விற்றமின், காலையில் ஊதிக் காட்டும் கருவி. வீட்டிலேயே முடிந்தது. இதற்கு ஒரு பென்ஸ் கேட்கவில்லை.

இனி அந்த ஒரு விஷயம். எத்தனை தரம் யோசித்தாலும் எனக்கு ஆறாதது.

ஒவ்வொரு ஒப்பந்த மாற்றத்திலும் நான் என் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். வெளியே பெயர்ப்பலகை மாறும், கழுத்துப் பட்டியின் நிறம் மாறும், கதிரை அதே கதிரை. உள்ளே புது ஆள், புதுக் கணினி, வெறும் பக்கம். பழைய கோப்பு எங்கே என்று கேட்டால், அது முந்திய நிறுவனத்தின் அமைப்பில் இருக்கிறது, வந்த சுருக்கம் இவ்வளவுதான் என்பார்கள். பிறகு குடியின் நிலையை அளக்கும் அந்தப் பத்துக் கேள்விகள். காலையில் எழுந்ததும் ஒரு கிளாஸ் தேவைப்பட்டதா, குடித்ததால் உங்களுக்கோ மற்றவர்களுக்கோ காயம் ஏற்பட்டதா. 40க்கு எத்தனை என்று கூட்டுவார்கள், 20 அல்லது அதற்கு மேல் வந்தால் அடிமைப்பட்டிருக்கலாம் என்று அர்த்தம். கேள்விகள் எனக்கு இப்போது பாடம். அதன்பின் கடந்த 28 நாட்களில் எத்தனை நாள் குடித்தீர்கள், மனநிலைக்கு 0 முதல் 20 வரை ஓர் எண் சொல்லுங்கள். இவை தேவையென்று ஒத்துக்கொள்கிறேன், எண் இல்லாமல் யாரும் காசு கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் காயம் பற்றிய கேள்விக்குப் பதில் மாடிப்படிதான். அதற்கு முன்னே யாழ்ப்பாணத்து 1995 இடப்பெயர்வு, அதற்குப் பின்னே கொழும்பு, பிறகு இங்கே. இதுவரை ஏழு கீ வேர்க்கர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது தடவை தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர். நான் படியில் விழுந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் இடையில் என்னிடம் தமிழில், "நீங்கள் ஊரில எவடம்?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டிருப்பார். எனக்கு வாய் அடைத்துப்போனது. நம் சனத்துக்குள் ஒரு குடிகாரனின் கதை எத்தனை வேகத்தில் கோயில் வீதிக்கு வரும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்த சந்திப்புக்கு நான் போகவில்லை. அது 2018, முதல் கைமாற்றம் நடந்து ஆறாவது வாரம். ஆடி மாதம் திரும்பக் குடிக்கத் தொடங்கினேன். பழி முழுவதையும் டெண்டரில் போட மாட்டேன். கிளாஸை எடுத்தது என் கைதான். ஆனால் அந்த நர்ஸ் இருந்திருந்தால் நான் எடுத்த அன்றே அவரிடம் போயிருப்பேன். அவர் கைமாற்றத்தின்போது வேறு வேலைக்குப் போய்விட்டார். ஊழியர்கள் புது நிறுவனத்துக்கு அப்படியே மாற்றப்படச் சட்டம் இருக்கிறது. ஆனால் மாற்ற அறிவிப்பு வந்த நாளிலிருந்து வேறு வேலை தேடுகிறவர்களைச் சட்டம் பிடித்து வைக்காது.

என்னைவிட மோசமாக அடிபட்டவர்கள், ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மெதடோன் மருந்தை எடுப்பவர்கள். எங்கள் காத்திருப்பு அறையில் ஒரு வெள்ளைக்காரர், என்னைவிட வயது கூட. அவருடைய மருந்து நீல நிறச் சீட்டில் வரும், ஒரு சீட்டில் அதிகபட்சம் 14 நாள். தினமும் ஃபார்மசியில் ஆள் பார்க்கக் குடிக்க வேண்டும். 2021 கைமாற்ற வாரத்தில் அவருடைய புதுச் சீட்டு சனிக்கிழமைக்குள் போய்ச் சேரவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும் முன்னே வந்து படியில் குந்தியிருந்தார். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "நான் தெருவில் வாங்கவில்லை" என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். நான் கேட்கவேயில்லை. மூன்று நாள் தொடர்ந்து விட்டால் ஃபார்மசிக்காரர் மருந்தை நிறுத்தி, சேவையிடம் கேட்க வேண்டும், ஏனென்றால் உடம்பு பழைய அளவைத் தாங்காது. அவ்வளவு நுணுக்கமான மருந்தை நம்பி வாழும் மனிதரை, ஒப்பந்தம் தொடங்கும் வாரத்தில் தொங்கவிட்டார்கள்.

நியாயமாகவும் எழுத வேண்டும். 2020 இறுதியில் கவுன்சில் எங்களைக் கருத்துக் கேட்கக் கூப்பிட்டது, திரையில்தான். கமிஷனிங் அதிகாரி ஒரு பெண்மணி, ஒளிக்காமல் பேசினார். பொதுச் சுகாதாரத்துக்கென்று ஒதுக்கி வரும் மானியம் வருடத்துக்கு வருடம்தான் உறுதியாகிறது, அதை வைத்து நீண்ட ஒப்பந்தம் எழுத முடியாது என்றார். அது அப்போது உண்மை. 2015இல் நடு வருடத்திலேயே 200 மில்லியன் பவுண்ட் வெட்டினார்கள், அதன் பிறகும் சுருங்கியது. கவுன்சில்கள் கட்டாயம் செய்ய வேண்டியவை என்று 2013 விதிகள் தந்த பட்டியலில் பாலியல் நலச் சேவை இருந்தது, எங்கள் சேவை இல்லை. வெட்ட வேண்டி வந்தால் கை எங்கே போகும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. கீ வேர்க்கரை மாற்றாதீர்கள் என்ற ஒன்றை மட்டும் நான் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

2021 ஜூலையில், போதைச் சிகிச்சையின் நிலை பற்றி அரசு கேட்டுக் கரோல் பிளாக் அம்மையார் எழுதிய அறிக்கை வந்தது. ஓர் ஊழியரிடம் 50 முதல் 80 பேர், சில இடங்களில் 100 பேர் என்று அதில் இருந்ததை வாசித்தபோது, என் ஐந்தாவது கீ வேர்க்கர் ஏன் ஒவ்வொரு தரமும் என் மகளின் வயதைக் கேட்டார் என்று விளங்கியது. அவரில் இருந்த கோபம் அன்றோடு போய்விட்டது. அதே வருடம் டிசம்பரில் பத்து வருடத் திட்டம், சிகிச்சைக்கு மூன்று வருடத்தில் 780 மில்லியன் பவுண்ட் கூடுதலாக. அந்தக் காசு எங்கள் கட்டடத்துக்கு வந்ததைக் கண்ணால் கண்டேன். ஆட்கள் கூடினார்கள், சனிக்கிழமையும் திறந்தார்கள்.

மூன்றாவது நிறுவனம் கொண்டுவந்த இன்னொன்றைச் சொல்லாவிட்டால் பாவம். வாசலில் ஒரு வான், உள்ளே ஈரலை அளக்கும் கருவி. படுக்கவைத்து, வலது விலா இடுக்கில் ஒரு முனையை வைத்து மெல்லத் தட்டுகிறது. பத்து நிமிடம், ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று எண் வந்துவிடும். 2022 ஆவணியில் கடைசியாகக் குடித்தேன். அந்த மாதம் எடுத்த எண்ணையும் அடுத்த வருட எண்ணையும் ஒரே துண்டில் எழுதித் தரச் சொன்னேன். குறைந்திருந்தது. அந்தத் துண்டு இப்போதும் என் பர்ஸில் இருக்கிறது. பழைய நிறுவனமே இருந்திருந்தால் அந்த வான் வந்திருக்காது. டெண்டரால் எனக்கு வந்த நன்மை இது.

அப்படியானால் கோபம் ஏன்? 2024 ஜனவரி 1 முதல் இந்த ஒப்பந்தங்களைக் கொடுக்கும் விதி மாறிவிட்டது. ஒப்பந்தத்தை நல்லபடி நடத்துகிற நிறுவனத்தையே, சில நிபந்தனைகளோடு, போட்டி வைக்காமல் தொடர விடக் கவுன்சிலால் முடியும். எங்கள் கவுன்சில் போட்டி வைத்தது. காரணம் இருக்கலாம், கடிதத்தில் எழுதவில்லை. மூன்றரை வருடமாக நான் குடிக்காமல் இருப்பது வியாழக்கிழமைக் குழுவாலும், என் முகத்தைப் பார்த்தே நிலைமையைச் சொல்லக்கூடிய ஒரு கீ வேர்க்கராலும். அவர் ஏப்ரலுக்குப் பிறகு இருப்பாரா என்று அவருக்கே தெரியவில்லை. போன வாரம் கேட்டபோது யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "பார்ப்போம்" என்றார். என்னை ஆறுதல்படுத்த வேண்டியவர் அவர், அன்று நான் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று இரவு என்னிடம் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. மேலே எழுதிய நர்ஸையும் வானையும் மறந்து போடவில்லை.

தம்பி, உங்கள் மச்சானைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஏப்ரல் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், இப்போதே பெயர் பதியுங்கள். அதுவரை அவரிடம் சத்தியம் வாங்காதீர்கள், போத்தலை ஒளிக்காதீர்கள், சடுதியாக நிறுத்த விடாதீர்கள். வலிப்போ பிதற்றலோ வந்தால் யோசிக்காமல் அவசர எண் 999. முதல் நாளே, கைமாற்றத்தில் கோப்பு முழுவதையும் அனுப்பச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால், ஊர் விசாரிக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லலாம்.

நானும் இந்த முறை கதையை இரண்டு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தைத் திருத்தித் தந்தது மகள். மாடிப்படிப் பகுதியில் அவள் ஓர் இடத்தில் கோடு போட்டு, "அப்பா, நான் நித்திரை என்று சொல்லவில்லை, விழுந்துவிட்டார் என்றுதான் சொன்னேன்" என்று எழுதியிருந்தாள். திருத்திவிட்டேன்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வாருங்கள். வாசலில் நிற்பேன்.