சேர்த்துக் கொதிக்க வைப்பதா, டிக்காஷனைத் தனியே இறக்குவதா?

வீட்டுக்கு நான்கு பேர் வந்திருக்கும்போது தேநீர் போட மூன்று வழிகள் இருக்கின்றன. தண்ணீர், பால், தூள், சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொதிக்க வைக்கலாம். டிக்காஷனையும் பாலையும் தனித்தனியே காய்ச்சித் தம்ளரில் கலக்கலாம். இலைத் தேயிலையின் மேல் வெந்நீரை ஊற்றி மூடி வைக்கலாம். தனக்கு மட்டும் போட்டுக்கொள்பவருக்குக் கை பழகிய முறையே போதும். பிறருக்குப் போடும்போதோ, அவரவர் வாய்க்கு ஏற்றபடி கொடுக்க முடிகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சேர்த்துக் கொதிக்க வைக்கும் முறையின் சிறப்பு, அதன் கெட்டியான சுவை. நம் கடைகளில் பெரும்பாலும் விற்பது, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. முறையில் செய்த குறுணைத் தூள். 1930 வாக்கில் அசாமில் உருவான இம்முறையில் இலை சிறு உருண்டைகளாகிவிடுவதால், சாயம் விரைவாக இறங்கிப் பாலுக்கு ஈடுகொடுத்து நிற்கிறது. இஞ்சித் தேநீருக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. ஆனால் பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருப்பதால், அதைத் தட்டி நேராகப் பாலில் போட்டால் பால் திரிந்துபோகக்கூடும். முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, அதன் பிறகே பாலைச் சேர்க்க வேண்டும். வெல்லம் போடுவதானால் அடுப்பை அணைத்த பிறகு போடுவதே பாதுகாப்பு.

இம்முறையின் குறையை நான் ஒரு தீபாவளி மாலையில்தான் சரியாக உணர்ந்தேன். ஆறு பேருக்குச் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைத்து, வடிகட்டித் தட்டில் அடுக்கிக் கொண்டுபோய் நீட்டியபோது, நீரிழிவு உள்ள பெரியப்பா தம்ளரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, "பரவாயில்லம்மா, நான் அப்புறம் குடிக்கிறேன்" என்றார். அவர் அதைக் குடிக்கவே இல்லை. ஆடை படிந்து ஆறிப்போன அந்தத் தம்ளரை எடுத்துக் கழுவியபோது எனக்கு மனம் கனத்துவிட்டது.

தனி டிக்காஷன் முறையில் இந்தச் சங்கடமே எழுவதில்லை. நான்கு பேருக்கு 400 மில்லி தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவிட்டு, நான்கு தேக்கரண்டித் தூளைப் போட்டு, தீயைக் குறைத்து ஒரு நிமிடம் மட்டும் வைத்து அணைத்து, மூடி மூன்று நிமிடம் கழித்து வடிகட்டுகிறேன். அதற்கு மேல் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்த் துவர்ப்பும் கசப்பும் மிஞ்சும். வடிகட்டியில் தங்கிய சக்கையைக் கரண்டியால் அழுத்திப் பிழிந்தாலும் அதே கதிதான். பாலைத் தண்ணீர் கலக்காமல் தனியே காய்ச்சி, தம்ளரில் டிக்காஷனை ஊற்றிய பின் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். கருஞ்சிவப்பு நிறம் செங்கல் நிறமாக மாறும் இடத்தில் நிறுத்தினால் ஸ்ட்ராங், இன்னும் வெளுக்கவிட்டால் லைட். பாலின் புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால், நிறம் மாறும்போதே துவர்ப்பும் தணிகிறது. டீக்கடை மாஸ்டர் துணிப்பையில் இறக்கிய டிக்காஷனை வைத்துக்கொண்டு, கேட்பவருக்குக் கேட்டபடி கொடுப்பதும் இதே முறையில்தான். ஒரே எச்சரிக்கை, டிக்காஷனை மணிக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது. ஆறியதும் கலங்கும், திரும்பச் சூடாக்கினால் தெளிந்தாலும் பழைய மணம் வராது.

வெந்நீர் ஊற்றி மூடிவைக்கும் முறை, நீலகிரியின் ஆர்த்தடாக்ஸ் இலைத் தேயிலைக்கு, அதாவது குறுணையாக்காமல் இலையாகவே சுருட்டிப் பதப்படுத்திய தேயிலைக்கு உரியது. தேயிலையைச் சுவைத்து ஒப்பிடுவதற்கான ஐ.எஸ்.ஓ. 3103 தரநிலை, 100 மில்லி நீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்று வகுத்திருக்கிறது. குடிப்பதற்கு நான்கு நிமிடமே போதுமானது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், அங்கே ஒரு நிமிடம் கூட்டி வைப்பது நல்லது. பால் சேர்க்காதவர்களுக்கு இதைவிட மணமான தேநீர் இல்லை. பால் விட்டால் அந்த மெல்லிய மணம் அமுங்கிவிடும்.

ஆகவே விருந்தினருக்கு நான் தேர்ந்தெடுப்பது தனி டிக்காஷனைத்தான். மழை நாளில் எல்லோரும் ஒருமித்து இஞ்சித் தேநீர் கேட்டால் மட்டும் சேர்த்துக் கொதிக்க வைக்கிறேன். அப்போதும் சர்க்கரைக் கிண்ணத்தைத் தனியாகத் தட்டிலேயே வைத்துவிடுகிறேன்.