நெல் மில்லில் ஓடும் சி புரோகிராம்: சிக்னலோடு பட்ட பாடு

மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் மாமாவின் நெல் மில். தராசு அனுப்பும் நிறையை வாங்கி ஃபைலில் எழுத ஒரு சின்ன சி புரோகிராம் செய்து கொடுத்தேன். 2022 பெரும்போக அறுவடை நேரம். அந்த மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது ஞாபகம் இருக்கும். யூபிஎஸ் பற்றரி இறங்கினால் லினக்ஸ் தானாக ஷட்டவுண் ஆகும். அப்போது ஓடும் புரோகிராம்களுக்கு லினக்ஸ் சிக்னல் என்ற சின்ன அறிவிப்பை அனுப்பும். என் புரோகிராமுக்கு 'முடித்துக்கொள்' என்று சொல்லும் சிக்டேர்ம், அதாவது 15ஆம் இலக்கச் சிக்னல் வரும். அதைப் பிடித்து, ஃபைலை மூடிவிட்டு வெளியேற வேண்டும். லேசான வேலை என்றுதான் நினைத்தேன்.

சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷனான ஹேண்ட்லருக்குள்ளேயே எல்லாவற்றையும் போட்டேன். லோக்கல்டைம் அழைத்து நேரம் எடு, பிரின்ட்எஃப்பில் எழுது, மூடு. புரோகிராம் தனக்குத் தானே சிக்னல் அனுப்பும் ரெய்ஸ் என்ற ஃபங்ஷனை வீட்டில் போட்டுப் போட்டுச் சோதித்தேன், ஒரு பிசகும் இல்லை. மில்லில் மூன்றாம் கிழமை மாமாவின் கோல்: "மனே, பதினேழு மூடையக் காணல்ல!"

புரோகிராமின் முக்கிய பகுதியான மெயினும் ஒவ்வொரு நிறைக்கும் லோக்கல்டைமை அழைக்கிறது. அந்த லோக்கல்டைமுக்குள், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் எடுக்கக்கூடிய ஒரு பூட்டு உண்டு. மெயின் பூட்டை எடுத்த கையோடு சிக்னல் வந்தால், ஹேண்ட்லர் அதே பூட்டுக்குக் காத்து நிற்கும். ஹேண்ட்லர் முடியாமல் மெயினால் அதை விட முடியாது. லினக்ஸில் புரோகிராம்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி, 90 செக்கன் பொறுத்துப் பார்த்துவிட்டு, புரோகிராமை உடனே கொல்லும் சிக்கில் என்ற சிக்னலை அனுப்பும். அதை யாராலும் பிடிக்க முடியாது. ஃபைலுக்குப் போகாமல் நினைவகத்தில், அதாவது பஃபரில், கிடந்த பதினேழு வரியும் அதோடு போயிற்று. ரெய்ஸில் இது ஏன் அகப்படவில்லை? அது நான் எழுதிய வரியில் மட்டும்தான் சிக்னலைக் கிளப்பும். வெளியிலிருந்து வருவது எந்த வரியின் நடுவிலும் வந்து விழும்.

சரி, ஹேண்ட்லரில் ஒரேயொரு வரி வைத்தேன்: வொலட்டைல் சிக்_அட்டொமிக்_டி வகை மாறி ஒன்றை 1 ஆக்கு. மிச்சத்தை மெயின் பார்க்கட்டும். அப்புறமும் புரோகிராம் நிற்கவில்லை! லினக்ஸில் சிக்னல் என்ற பழைய ஃபங்ஷனால் ஹேண்ட்லரைப் பதிந்தால், தராசின் நிறைக்காகக் காத்திருந்து தடைப்பட்ட ரீட் தானாகத் திரும்பத் தொடங்கிவிடும். அடுத்த மூடை தராசில் ஏறும்வரை மெயின் அந்த மாறியைப் பார்க்கவே பார்க்காது. கரண்ட் இல்லாத மில்லில் யார் மூடை ஏற்றுவது? சிக்ஆக்ஷன் என்ற ஃபங்ஷனுக்கு மாறி, திரும்பத் தொடங்கச் சொல்லும் எஸ்ஏ_ரீஸ்டார்ட் கொடுக்காமல் விட்டேன். ரீட், இடையில் தடைப்பட்டது என்று சொல்லும் ஈஇன்டர் பிழையோடு திரும்பி வந்தது. மாறியைப் பார்த்த பிறகு, ரீட் தொடங்குமுன் சிக்னல் வந்தால் என்ன செய்வது என்ற ஓட்டை மட்டும் பல மாதம் உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் சிக்டேர்மை எப்போதும் அடைத்து வைத்து, தராசிலிருந்து நிறை வருகிறதா என்று பிபோல் என்ற ஃபங்ஷன் காத்திருக்கும் நேரத்துக்கு மட்டும் திறந்துவிட்டேன்.

நிறைத் துண்டை மறுபடி அச்சடிக்க, நம் விருப்பத்துக்குப் பயன்படுத்தக்கூடிய சிக்யூசர்1 என்ற சிக்னலை வைத்ததும் வீண். மூன்று தடவை அடுத்தடுத்து அனுப்பினால் சிலவேளை ஒன்றுதான் வந்து சேரும். இந்த வகைச் சிக்னல்கள் வரிசையில் நிற்பதில்லை. அதைக் கழற்றிவிட்டேன்.

போன சிறுபோகத்தில் மூன்று தடவை கரண்ட் போனது, ஒரு வரியும் தவறவில்லை. மாமா இன்னும் தராசுக்குப் பக்கத்தில் கொப்பி வைத்துப் பேனையால் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்.