'சிவில் வார் ஒரிஜினல்'னு ரிவால்வர் விக்கறாங்களா? வாங்கறதுக்கு முன்னாடி இதப் படிச்சிடுங்க

அமெரிக்கால இருந்துட்டு பழைய கேப் அண்ட் பால் ரிவால்வர் (தோட்டா கிடையாது, ஒவ்வொரு அறைலயும் மருந்தும் ஈய குண்டும் போட்டு, பின்னாடி 'கேப்'ங்கற சின்ன வெடிமூடி மாட்டி சுடறது) வாங்கணும்னு ஆசைப்படறவங்களுக்காக எழுதறேன். பென்சில்வேனியால ஒரு கன் ஷோ, அங்க டேபிள் போட்டிருந்த ஒரு வியாபாரி '1851 நேவி மாடல், சிவில் வார்ல (அமெரிக்க உள்நாட்டுப் போர்) தெற்குக்காரங்க செஞ்சது, பித்தளை ஃப்ரேம், .44 கேலிபர் (குழாய் அளவு, அங்குலத்துல), இன்னிக்கே லோடு பண்ணி சுடலாம்'னு அடிச்சு சொல்லி ஒரு துப்பாக்கிய என் தலைல கட்டிட்டான். கூடவே ஒரு டப்பா ஈய குண்டு, கொஞ்சம் கேப், லேபிளே இல்லாத ஒரு பாட்டில்ல மருந்து, எல்லாம் சேர்த்து ஒரே விலை.

முதல்ல அந்த .44 விஷயம். இந்த மாடல முதல்ல செஞ்ச அமெரிக்க துப்பாக்கிக் கம்பெனி கோல்ட் (Colt), அவங்களோட 1851 நேவி .36 தான், ஃப்ரேமும் பித்தளை கிடையாது. போர் சமயத்துல தெற்குப் பக்கம் ஜார்ஜியால கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன்ங்கற கம்பெனி பித்தளைல ஃப்ரேம் வார்த்தது நிஜம், ஆனா அதுவும் .36, அதோட சிலிண்டர்ல (குண்டு போடற அறைங்க இருக்கற, சுத்தற உருளை) எந்த வேலைப்பாடும் இருக்காது. இதுல என்னடான்னா சிலிண்டர் சுத்தி கப்பல் சண்டை சித்திரம், அது 1843 மே 16 கம்பேச்சே கடல் சண்டைய காட்டற கோல்ட்டோட டிசைன். பித்தளை ஃப்ரேம், .44, கப்பல் சித்திரம் மூணும் ஒண்ணா இருந்தா கண்ண மூடிட்டு சொல்லலாம், அது நம்ம காலத்து இத்தாலி காப்பி.

நான் தெரிஞ்ச ஒரு கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) கிட்ட கொண்டு போனேன், அவர் லோடிங் லீவர (குழாய்க்கு அடில இருக்கற, குண்ட அமுக்கற தண்டு) கீழ இறக்கிட்டு குழாயோட அடிப்பக்கம் டார்ச் அடிச்சு காட்டினார், மேல இருந்த எழுத்தெல்லாம் அரத்தால ராவி ஆசிட் போட்டு கறுக்க வெச்சவன் அங்க மட்டும் விட்டுட்டான், 'பிஎன்'ங்கற இத்தாலி முத்திரை பளிச்சுனு இருக்கு. கரிமருந்துக்கு மட்டும்னு அர்த்தம்.

இத்தாலி காப்பிங்கறது தப்பே இல்ல, உபெர்ட்டி, பியெட்டா எல்லாம் நல்லாவே செய்யறாங்க. நூத்தி அறுபது வருஷப் பழசுன்னு சொல்லி அந்த விலைய வாங்கறதுதான் அயோக்கியத்தனம். அதவிட எனக்கு ஆத்திரம் வந்தது 'இன்னிக்கே சுடலாம்'னு சொன்னதுக்குத்தான். சிலிண்டரோட பின்பக்கப் பல்லு பித்தளைல அப்படியே வட்டமா பதிஞ்சு போயிருக்கு, யாரோ அளவுக்கு மீறி மருந்து போட்டு சுட்டு சுட்டு ஃப்ரேம் இளகிடுச்சு, நடு ஆர்பர் (சிலிண்டர் சுத்தற அச்சு) கையால அசைச்சாலே ஆடுது.

வியாபாரி குடுத்த குண்ட கன்ஸ்மித் சிலிண்டர் அறைக்குள்ள போட்டார், சும்மா உருண்டு உள்ள போயிடுச்சு. அது .440, துணி பேட்ச் வெச்சு ரைஃபிள்ல போடற சைஸ். .44 ரிவால்வருக்கு .451 இல்லன்னா .454 வேணும், லீவரால அமுக்கும்போது ஈயம் மெல்லிசா ஒரு வளையமா சீவிட்டு வெளிய வரணும், அப்பதான் அறை அடைபடும். அடைபடலன்னா ஒரு அறைல வெடிக்கற நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவி மத்த அறைங்களும் சேர்ந்து வெடிக்கலாம், செயின் ஃபயர்ம்பாங்க, லோடிங் லீவர் பக்கம் கை இருந்தா கை போயிடலாம். கேப்பும் நிப்பிள்ல (கேப் மாட்டற, அறைக்குப் பின்னாடி இருக்கற சின்னக் குழல்) லூசா நின்னுச்சு, அதுவும் அதே ஆபத்துதான். அந்த பாட்டில் மருந்த அவர் தொடவே விடல, அது ஸ்மோக்லெஸ் பவுடரா (இந்தக் காலத்துத் தோட்டாவுல போடற, கரிமருந்தவிட வேகமான மருந்து) இருந்தா ஒரே சுடுல சிலிண்டர் வெடிச்சிடலாம்.

திருப்பிக் குடுக்கப் போனா 'ஆன்டிக், ரிட்டர்ன் கிடையாது'ன்னுட்டான். பில்ல எடுத்துப் பார்த்தா வெறும் 'பிளாக் பவுடர் ரிவால்வர்'னு மட்டும் எழுதியிருக்கான், வருஷமும் இல்ல, ஒரிஜினல்ங்கற வார்த்தையும் இல்ல.

அதனால காசு குடுக்கறதுக்கு முன்னாடி எந்த வருஷம், யார் செஞ்சது, ஒரிஜினலா காப்பியான்னு பில்லுல எழுதி கையெழுத்து போடச் சொல்லுங்க. வெட்ஜ (குழாய ஆர்பரோட பிடிச்சு வெக்கற ஆப்பு) கழட்டி ஆர்பர் ஆடுதான்னு பாக்க விடச் சொல்லுங்க. ரெண்டுல எதுக்கு மழுப்பினாலும் துப்பாக்கிய டேபிள்லயே வெச்சுட்டு நகர்ந்துடுங்க.