மேவரிக் 88 பம்ப் ஷாட்கன்: வீட்டுக் காவலுக்கு வைத்துப் புழங்கிப் பார்த்ததில்

அமெரிக்காவில் 250 டாலரை ஒட்டிய விலையில் புதிதாகக் கிடைக்கும் பம்ப் ஷாட்கன்களில் (குழலுக்கு அடியிலுள்ள முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கிகளில்) மேவரிக் 88-ஐ நம்பி வாங்கலாம். துப்பாக்கியைப் பொறுத்தவரை எங்கள் முடிவு இவ்வளவுதான். சிக்கல் வருவதெல்லாம் பம்ப் அடிக்கும் கையிலும், போடும் தோட்டாவிலும், வைக்கும் இடத்திலும்தான். அதனால் இந்தப் பகிர்வில் அவற்றுக்கே அதிக இடம்.

மாஸ்பெர்க் நிறுவனத்தின் மலிவு வரிசை இது. டெக்சஸின் ஈகிள் பாஸில் கோக்கப்படுகிறது. உள்ளே பெரும்பாலும் 1961 முதல் விற்பனையில் இருக்கும் மாஸ்பெர்க் 500-இன் அமைப்புதான். அதே அலுமினிய உடல், முன்பிடியை உள்பொறியோடு இணைக்கும் அதே இரட்டை இயக்கத் தண்டுகள், சுட்ட ஓட்டைப் பிடித்து இழுக்கும் அதே இரட்டை எக்ஸ்ட்ராக்டர்கள். இங்கே பேசப்படுவது செக்யூரிட்டி மாடல்: 12 கேஜ் (ஊரில் 12 போர் என்கிறோமே, அதுதான்), 18.5 அங்குலக் குழல், குழலுக்கு அடியில் தோட்டாக்கள் அடுக்கப்படும் மேகசின் குழாயில் 5 தோட்டா, குழல் முனையில் குறிபார்க்க ஒரு சின்ன பித்தளை மணி. எடை ஏறத்தாழ 3 கிலோ.

காசைக் குறைத்த இடங்கள் இரண்டு. 500-இல் சேஃப்டி (விசையைப் பூட்டி வைக்கும் பொத்தான்) உடலின் மேல்பக்கம், கட்டைவிரலுக்கு நேராக இருக்கும். 88-இல் அது விசைக் காப்பு வளையத்தில் குறுக்காகத் தள்ளும் பொத்தான். சிவப்பு வளையம் தெரிந்தால் சுடத் தயார் என்று பொருள். இடக்கைக்காரர்களுக்கு இது வசதிப்படாது. இரண்டாவது, முன்பிடி. 500-இல் அதைக் கழற்றி வேறு மாட்டலாம். 88-இல் தண்டோடு சேர்த்து ஊசியடித்து நிறுத்தியிருக்கிறார்கள். 500-க்கென்று விற்கும் டார்ச் பதித்த முன்பிடியை வாங்கிவிட்டுப் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய. அதை மாட்ட 500-இன் இயக்கத் தண்டையும் சேர்த்து வாங்க வேண்டும். அந்தச் செலவுக்கு 500-ஐயே வாங்கியிருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. 500-இன் விசைத் தொகுதி (விசையும் அதைச் சார்ந்த பாகங்களும் சேர்ந்த கட்டு) 88-க்குள் போய் உட்கார்ந்துவிடும், வேலையும் செய்யும். ஆனால் அதில் குறுக்குப் பொத்தான் கிடையாது. 88-இன் உடலில் மேல் சேஃப்டியும் கிடையாது. மாற்றினால் சேஃப்டியே இல்லாத துப்பாக்கி கையில் இருக்கும். மாற்றாதீர்கள்.

பெட்டியைப் பிரித்ததும் நேரே சுட ஓடாமல் ஒருமுறை கழற்றுங்கள். மேகசினும் சேம்பரும் (சுடப்போகும் தோட்டா அமரும், குழலின் பின்முனை அறை) காலி என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் தடவி உறுதி செய்துகொள்ளுங்கள். முன்பிடியைப் பாதி பின்னால் இழுத்து வைத்து, மேகசின் குழாயின் முனையிலுள்ள திருகைக் கையால் கழற்றினால் குழல் முன்பக்கமாக வந்துவிடும். (முன்பிடி முழுக்க முன்னால் இருந்தால் குழல் அசையாது, திரும்ப மாட்டும்போதும் இதே விதிதான்.) இப்போது முனையைக் கீழே சாய்த்துக் குலுக்கினால், உள்ளே அடைப்புக் குச்சி இருந்தால் மேகசின் துளை வழியே விழும். வலசைப் பறவை வேட்டையில் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது என்ற சட்டத்துக்காக வைப்பது அது. குச்சி உள்ளே இருக்கும்வரை மேகசினில் இரண்டுதான் போகும். அதை மூன்றாவது தோட்டா நுழையாதபோதுதான் பலர் கண்டுபிடிக்கிறார்கள்.

மேலும் பிரிக்க, விசைத் தொகுதியைப் பிடித்திருக்கும் ஒற்றை ஊசியைத் தட்டி எடுக்க வேண்டும். தொகுதி வெளியே வந்ததும் தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் இரண்டு மெல்லிய எஃகுப் பட்டைகள் தாமாகவே கழன்று விழும். எது எந்தப் பக்கம் என்று மறந்துபோனால் மேகசினிலிருந்து தோட்டா சரியாக வராது. ஊசியை எடுத்தவுடன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தொழிற்சாலைக் கிரீஸைத் துடைத்து, தண்டுகள் உரசும் இடத்தில் மட்டும் ஒரு துளி எண்ணெய் போதும். திருகைக் கைவலுவில் இறுக்கினால் போதும், ஆனால் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் தொட்டுப் பாருங்கள், அதிர்வில் தளர்வதுண்டு.

இனி, உண்மையில் எல்லாரும் தடுமாறும் இடம். பம்ப் துப்பாக்கி நிற்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றே: முன்பிடியைக் கடைசிவரை இழுக்காமல் பாதியில் முன்னால் தள்ளிவிடுவது. சுட்ட ஓடு, அதை வெளியே தட்டிவிடும் எஜெக்டரை எட்டும் முன்பே திரும்பி உள்ளே போகும், அல்லது வழியில் மாட்டும். அதோடு அடுத்த தோட்டாவும் ஏறி மோதிக்கொள்ளும். சில சமயம் எதுவுமே மாட்டாமல், காலி சேம்பரின் மேல் "டக்" என்ற சத்தம் மட்டும் வரும். பதற்றத்தில் இருப்பவர் மெதுவாகவும் மென்மையாகவும் இழுப்பதே இதற்கு வேர். முன்பிடியை உடைக்கப் போவதுபோல் பின்னால் இழுத்து, அதே வேகத்தில் முன்னால் தள்ள வேண்டும். மென்மை காட்டினால் இந்தப் பொறி ஒத்துழைக்காது.

இரண்டாவது காரணம், தோளில் பதியும் பின்கட்டையின் நீளம். 14 அங்குலத்துக்கு மேல் இருக்கும் இந்தக் கட்டை, ஐந்தரை அடிக்குக் குறைவான பலருக்கும் நீளம். இடது கை எட்டிப் பிடிக்கும்போது முழங்கை நிமிர்ந்துவிடும். நிமிர்ந்த கையால் முழு இழுப்பு வராது. மேக்புல் எஸ்ஜிஏ கட்டை 88-க்கும் பொருந்தும். இடைத்தகடுகளை எடுத்தால் 12.4 அங்குலம்வரை குறையும். வீட்டில் இரண்டு பேர் பயன்படுத்துவதென்றால் குட்டையானவருக்கு ஏற்ப அளவு வையுங்கள். உயரமானவர் குட்டைக் கட்டையைச் சமாளித்துவிடுவார்; மற்றவரால் நெட்டைக் கட்டையைச் சமாளிக்க முடியாது. உதையைத் தணிக்க, சுடும் நொடியில் முன்கையால் முன்னோக்கித் தள்ளி, பின்கையால் தோளுக்குள் இழுத்துப் பிடிக்க வேண்டும். இதைக் கற்றவருக்கும் கல்லாதவருக்கும் உள்ள வேறுபாடு, 12 கேஜுக்கும் அதைவிடச் சிறிய 20 கேஜுக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிது.

பயிற்சிக்கு ஐந்தாறு போலித் தோட்டாக்கள் வாங்குங்கள். உண்மைத் தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். மேகசினை நிரப்பு, இழு, தள்ளு, விசையை அழுத்து, மறுபடி இழு. 88-இல் தோட்டா ஏற்றும் தட்டு மேலேயே நிற்பதால் நிரப்பும்போது கட்டைவிரல் கடிபடாது; புதியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. சிக்கிக்கொண்டால் விரலை விசையிலிருந்து எடுத்து, முனையைப் பாதுகாப்பான பக்கம் வைத்து, முன்பிடியை முழுக்கப் பின்னால் பிடித்தபடி பக்கத் திறப்பைத் தரையை நோக்கித் திருப்பிக் குலுக்குங்கள். விழாததை விரலால் எடுங்கள்.

தோட்டா விஷயத்தில் பலர் சுவரைத் துளைத்துவிடுமே என்று நினைத்துப் பறவைச் சிதறலை (பறவை வேட்டைக்கான பொடிக் குண்டுத் தோட்டா) ஏற்றி வைக்கிறார்கள். எஃப்பிஐ சோதனை முறை, உடல் தசைக்கு ஈடாக வைக்கும் ஜெலட்டினில் கேட்கும் குறைந்த ஆழம் 12 அங்குலம். சின்ன பறவைச் சிதறல் பொதுவாக அதில் பாதியோடு நின்றுவிடும். 00 பக்ஷாட் (பெரிய குண்டுகள் கொண்ட தோட்டா) ஒன்றில் பெரும்பாலும் 9 குண்டுகள், ஒவ்வொன்றும் 0.33 அங்குல விட்டம். ஆழம் போதும். ஆனால் அரை அங்குல டிரைவால் (ஜிப்சம் பலகை) சுவர்களை அது ஒன்றன்பின் ஒன்றாகத் துளைத்துப் போகும். ஆகவே பிள்ளைகள் தூங்கும் அறை எந்தத் திசையில் இருக்கிறது என்பதை இன்றே நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள். அந்தத் திசை சுடக் கூடாத திசை, எந்தத் தோட்டாவானாலும்.

சிதறலை அட்டையில் அளக்காமல் விடாதீர்கள். வீட்டின் மிக நீளமான நேர்க்கோட்டை டேப்பால் அளந்து, அதே தூரத்தில் பெரிய காகிதத்தில் சுடுங்கள். சோக் (சிதறலை இறுக்கும் முனைக் குறுக்கம்) இல்லாத இந்தக் குழலில் சாதாரண 00 தோட்டா 30 அடியில் 8 முதல் 12 அங்குலம்வரை விரியலாம்; ஃபெடரல் நிறுவனத்தின் ஃப்ளைட்கன்ட்ரோல் வகை அதில் பாதிக்கும் குறைவாகவே விரியும். ஒவ்வொரு குண்டும் எங்கே போகிறது என்பதற்கு நீங்கள் பொறுப்பு என்பதால், விலை கூடினாலும் இறுக்கமான வகைதான் எங்கள் தேர்வு. உதை குறைந்த வகையாகவே வாங்குங்கள். 1.75 அங்குலக் குட்டைத் தோட்டாக்கள், அதற்கென விற்கும் ரப்பர் அடாப்டர் இல்லாமல் ஒழுங்காக ஏறாது. மலிவான பயிற்சித் தோட்டாக்களின் எஃகு அடி விரிந்து சேம்பரில் ஒட்டிக்கொண்டால், 0000 எஃகு நார் சுற்றிய பிரஷ்ஷால் எண்ணெயோடு சேம்பரை மெருகேற்றினால் தீரும்.

வைக்கும் நிலை: சேம்பர் காலி, மேகசின் நிறைவு, பூட்டிய பெட்டி. சேம்பரில் தோட்டாவோடு வைக்கவே கூடாது. சேஃப்டி தடுப்பது விசையை மட்டும். கீழே விழும் அதிர்ச்சியில் ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியை அடித்துச் சுடவைக்கும் ஊசி) முன்னால் போவதை அது தடுக்காது. டெக்சஸில் 17 வயதுக்குக் கீழானவர் எடுக்கும்படி, தோட்டா ஏற்றிய துப்பாக்கியை (சேம்பர் காலியாக இருந்தாலும்) விட்டுவைப்பது குற்றம். எண்பொத்தான் பூட்டுள்ள பெட்டி நொடிகளில் திறக்கும். கட்டிலடியில் சும்மா செருகி வைக்க எந்தக் காரணமும் இல்லை.

மேகசினில் மாதக்கணக்கில் நெரிபடும் தோட்டாவின் பிளாஸ்டிக் மெல்ல உருக்குலையும். சில மாதங்களுக்கொருமுறை எடுத்துப் பார்த்து, வாய் பிதுங்கியதைப் பயிற்சியில் செலவழியுங்கள். மேகசினுக்குள் எண்ணெய் ஊற்றாதீர்கள். அது தோட்டாவின் அடியிலுள்ள பற்றவைப்பானான பிரைமருக்குள் கசிந்தால் தோட்டா வெடிக்காது. அலுமினிய உடல் துருப்பிடிக்காது, கருநீல மெருகிட்ட குழல் பிடிக்கும். ஹூஸ்டன் போன்ற ஈரப்பதமான ஊர்களில் மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்து, பெட்டியில் சிலிக்கா ஜெல் போடுங்கள். துப்பாக்கி வந்த பெட்டியிலேயே வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும்.

வாங்குவதற்கு முன் இதையும் பாருங்கள். கிரீன் கார்டு உள்ளவர்கள் 18 வயதுக்கு மேல் கூட்டாட்சிச் சட்டப்படி உரிமம் பெற்ற கடையில் படிவம் 4473 நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்புக்குப் பின் வாங்கலாம். சில மாநிலங்கள் 21 வயது கேட்கும், அனுமதி அட்டையும் கேட்கும். எச்-1பி, எச்-4, எஃப்-1 விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். செல்லத்தக்க வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கணவர் கிரீன் கார்டிலும் மனைவி எச்-4 விசாவிலும் இருக்கும் வீட்டில், பெட்டியின் எண் மனைவிக்குத் தெரிந்திருந்தால் அவரும் வைத்திருப்பதாகக் கொள்ளப்படக்கூடும். அப்படிப்பட்ட குடும்பங்கள் முதலில் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.